மாரியோ மெட்டும் தப்பு அடியும்: கேட்டவர்கள் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். சூப்பர் மாரியோ முதல் கட்டத்து இசையை எடுத்து எலெக்ட்ரோனிக் ரீமிக்ஸ் செய்திருக்கிறீர்கள். நடுவில் உங்கள் தேயிலைத் தோட்டத்துத் தப்பு (தோல் பறை) அடியையும் போனில் பதிந்து சேர்த்திருக்கிறீர்கள். யூடியூப்பிலும் வட்ஸ்அப்பிலும் போட்ட ஒரு கிழமைக்குள் ஒருவர் புல்லரித்தது என்கிறார், இன்னொருவர் மாரியோவைக் கொன்றுவிட்டாய் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் வேலை நல்லதா கெட்டதா என்ற கேள்விதான். ஆனால் நீங்கள் கீழே எழுதியிருக்கும் எட்டுப் பேரின் கருத்துகளையும் பார்க்கும்போது, மனதில் கிடக்கும் கேள்வி வேறு என்று தெரிகிறது. ஒரே மூன்று நிமிடத்தைக் கேட்டவர்கள் ஏன் எட்டு வெவ்வேறு பாட்டைக் கேட்டவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள்? அதற்குப் பதில் கிடைத்தால் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பது தெளிந்துவிடும்.

நான் இலங்கை மலையகத்து அட்டனில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வைத்து 19 வருடமாகிறது. கோயில் பாட்டு, பள்ளிக்கூட விழா, காமன் கூத்துப் பதிவு, கல்யாண வீட்டு சவுண்ட் செட் என்று எல்லாம் செய்திருக்கிறேன். எலெக்ட்ரோனிக் நடன இசையை நானாக அமைத்ததில்லை. அதில் எந்தச் சத்தம் இன்றைக்குப் புதிது, எது பழசு என்று தீர்ப்புச் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. ஆனால் பழைய டீவி கேம் மெஷின்களைக் கழற்றிப் பார்த்தவன், ஒரே பதிவை நூறு விதமான ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டவன். உங்கள் ரீமிக்ஸையும் மூன்று இடத்தில் கேட்டேன்: என் அறையில், போனில், பக்கத்து அண்ணனின் ஓட்டோவில்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் ரீமிக்ஸைக் கேட்பவர் அதை ஜப்பானில் 1985இல் வந்த மூலத்தோடு ஒப்பிடுவதில்லை. தன் தலைக்குள் இருக்கும் மாரியோவோடுதான் ஒப்பிடுகிறார். மலையகத்தில் முப்பத்தைந்து நாற்பது வயதானவர்களின் தலைக்குள் இருக்கும் மாரியோ, மூல இசையமைப்பாளர் கோஜி கொண்டோ எழுதிய வேகத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாரியோ ஓடிய அந்த டீவி கேம் மெஷினில் இசையை முன்னே தள்ளிவிடுவது டீவிப் படத்தின் துடிப்பு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு 60 தரம் படம் மாறும். இலங்கையில் நாம் பயன்படுத்தியது பால் (PAL) என்ற டீவி முறை, நொடிக்கு 50. நம்மூர்க் கடைகளில் வந்தவை பெரும்பாலும் நகல் மெஷின்கள்தான். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் இருப்பதாக எழுதியிருக்குமே, அவைதான். பால் டீவிக்கென்று செய்த நகல்களில் சுருதி ஏறத்தாழ அப்படியே நிற்கும், ஆனால் தாளம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 180 அடி போக வேண்டிய ஒரு பாட்டு 150க்கு இறங்கிவிடும். நீங்கள் மூலத்தைவிடப் பத்து வீதம் வேகம் கூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நகல் மெஷினில் விளையாடி வளர்ந்தவருக்கு அது பத்து வீதம் அல்ல, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேகம்.

இதை நான் காகிதத்தில் மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அந்த ஓட்டோ அண்ணனுக்கு இப்போது 41 வயது. சின்ன வயதில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவர். அங்கே ஒரே ஒரு காம்பிராவில்தான் (அறை வீட்டில்தான்) டீவி, ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்தால் அரை மணித்தியாலம் விளையாட விடுவார்களாம். உங்கள் ரீமிக்ஸைப் போட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு, ஆனா ஏன் இப்பிடி அவசரமா ஓடுது" என்றார். உங்களுக்கு வந்த மூன்றாவது கருத்தும் சொல்லுக்குச் சொல் இதுதான். பிறகு மூல இசையை எடுத்து, சுருதி மாறாமல் ஆறில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்து, எதுவும் சொல்லாமல் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை முழங்காலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கையின் கட்டைவிரல் தானாக அமுங்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, கொஞ்சம் பொறுத்து நீளமாக ஒன்று. முதல் கட்டத்தில் எங்கெங்கே பாய வேண்டுமோ அங்கெல்லாம் அவர் விரல் பாய்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ முப்பது வருடத்துக்குப் பிறகு, கையில் எதுவும் இல்லாமல். நான் பாட்டை நிறுத்தியதும் கண்ணைத் திறந்து, "இதுதான்" என்றார்.

ஒரு ஆளை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. உங்களுக்கு அப்படி எழுதியவர் எந்த மெஷினில் விளையாடினார் என்று எனக்குத் தெரியாது, 60இல் ஓடிய மெஷின்களும் இங்கே இருந்திருக்கும். ஆகவே அவரிடமே கேளுங்கள்: எங்கே, எந்த வருடம், எதில் விளையாடினீர்கள் என்று. பதில் வந்தால் அவர் கருத்தின் எடை உங்களுக்குப் புரியும்.

இன்னொருவர் எழுதிய "கேக்க கேக்க படபடன்னு வருது" என்ற வார்த்தைக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அந்த விளையாட்டில் நேரம் 100க்கு வந்ததும் ஒரு எச்சரிக்கைச் சத்தம் வந்து, அதே மெட்டு வேகமாக ஓடத் தொடங்கும். இந்த மெட்டு வேகம் பிடித்தால் நேரம் முடியப் போகிறது, சாகப் போகிறோம் என்று அர்த்தம். நூற்றுக்கணக்கான தரம் அதை அனுபவித்த உடம்பு அதை மறக்காது. அதனால் மற்ற மெட்டுகளை வேகப்படுத்தினால் வரும் உற்சாகம் இந்த மெட்டில் எல்லாருக்கும் வராது, சிலருக்குப் பதற்றம்தான் வரும். உங்கள் நண்பர்கள், பதினெட்டு வயதுப் பிள்ளைகள், இதைப் போனில் குட்டி வீடியோக்களில் கேட்டவர்கள். அவர்களுக்கு அந்தப் பயம் பழக்கமில்லை. அதனால்தான் அவர்கள் அதே இடத்தில் ஆட்டம் போடுகிறார்கள்.

"மாரியோவைக் கொன்னுட்ட" என்றவரின் கருத்து கொஞ்சம் சிக்கலானது. அந்த மெஷினுக்கு மொத்தம் ஐந்து ஒலி வழிதான். மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு பல்ஸ் அலை, பேஸுக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு இரைச்சல், ஐந்தாவதாகப் பதிந்த சத்தத்துக்கு ஒன்று. பாயும்போதும் காசு எடுக்கும்போதும் அந்தச் சத்தங்கள் பல்ஸ் வழியில் ஒன்றைப் பறித்துக்கொள்ளும், அந்தக் கணத்தில் இசையில் ஒரு குரல் விழுந்துவிடும். ஆகவே ஒருவரின் ஞாபகத்தில் இருப்பது முழு இசையே அல்ல, தான் பாய்ந்த பாய்ச்சலால் ஓட்டை விழுந்த இசை. இதற்கு மேல், நகல் மெஷின்களின் ஒலிச் சில்லுகள் (சிப்) சிலவற்றில் பல்ஸ் அலையின் 25 வீத வடிவமும் 50 வீத வடிவமும் (ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்ற அளவு) இடம் மாறியிருக்கும். மூக்கால் பாடுவது போல் வர வேண்டிய இடத்தில் குழல் ஊதுவது போல் வரும். மூலச் சில்லிலிருந்து நீங்கள் எவ்வளவு சுத்தமாக எடுத்துப் போட்டாலும், அவர் கேட்டு வளர்ந்த மாரியோ அதுவாக இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை. நீங்களும் கெடுக்கவில்லை.

மூலம் என்ற சொல்லையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1989இல் கேம் போய் என்ற கையடக்க மெஷினில் வந்த டெட்ரிஸின் புகழ்பெற்ற மெட்டு, 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாட்டுப்பாட்டு. அதன் வரிகள் 1861இல் நெக்ராசோவ் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. அந்த கேம் மெட்டையே 1992இல் ஆண்ட்ரூ லொயிட் வெபரும் நைஜல் ரைட்டும் டொக்டர் ஸ்பின் என்ற பெயரில் நடன இசையாக வெளியிட்டு, அது பிரித்தானியப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. ரசிகர்கள் கேம் இசையை மீளமைத்துப் பகிர்வதற்கென்றே 1999இல் டேவிட் லொயிட் என்பவர் ஓவர்குளொக்ட் ரீமிக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கினார், அது இன்றும் நடக்கிறது. நீங்கள் செய்தது நீண்ட வரிசையில் ஒன்று. அந்த வரிசையில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். சட்டம் வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"ஏதோ ஒண்ணு கொறையுது" என்று நான்காவதாக எழுதியவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் தவறு நிச்சயமாக உங்கள் பக்கம் இருக்கிறது. மூலத்தின் முக்கோண பேஸை எடுத்துவிட்டு 45 ஹேர்ட்ஸ் பக்கம் உருளும் ஆழ்ந்த பேஸ் போட்டிருக்கிறீர்கள். என் அறையில் அது நெஞ்சைத் தொட்டது. ஓட்டோவில் சீட்டே அதிர்ந்தது. போனில் ஒன்றுமே இல்லை. போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் அந்தளவு தாழ்ந்த சத்தத்தைத் தள்ளவே மாட்டாது, வட்ஸ்அப்பில் கேட்ட எல்லாரும் பேஸ் இல்லாத பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். பழைய முக்கோண அலை சின்ன டீவி ஸ்பீக்கரில் கேட்டதற்குக் காரணம், அது படிப்படியாக வெட்டிய கரடுமுரடான அலை, அடிச்சுரத்துக்கு மேலே நிறைய மேற்சுரங்கள் கிடக்கும். அடிச்சுரம் கேட்காவிட்டாலும் மேலே உள்ள சுரங்களை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே ஆழ்ந்த பேஸை எடுக்க வேண்டாம், அதன் மேல் பழைய முக்கோண பேஸை ஒரு ஸ்தாயி மேலே, மெல்லிய சத்தத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸில் கொஞ்சம் சச்சுரேஷன் (ஒலியைக் கரடாக்கி மேற்சுரங்கள் சேர்ப்பது) போடுங்கள். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். பேஸ் மெட்டை வாயால் முணுமுணுக்க முடிந்தால் போதும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் உச்சத்துக்கு நெருக்கி வைத்திருக்கிறீர்கள். யூடியூப் அளவுக்கு மிஞ்சிய சத்தத்தைத் தானே இறக்கிவிடும், கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய ஒலி மட்டும்தான். கொஞ்சம் தளர்த்துங்கள்.

இனி புல்லரித்தது என்ற தங்கச்சியின் கருத்து. அவர் 1 நிமிடம் 12ஆம் நொடி என்று எழுதியிருக்கிறார். நேரத்தைக் குறித்து எழுதும் ஒருவர், பொதுவாகச் சூப்பர் என்று எழுதும் பத்துப் பேருக்குச் சமம். அந்த இடத்தில் நீங்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, மெட்டின் முதல் ஆறு சுரத்தை மட்டும் தனியாக விட்டு, ஏழாவதுக்குப் பதில் தப்பின் ஒற்றை அடியை வைத்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் தெரிந்த ஏழாவது சுரத்தைக் காது தேடிக்கொண்டிருக்கும்போது அடி விழுகிறது. 2011இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கணங்களை மூளைப் படமெடுத்துப் பார்த்தார்கள். இசை உச்சத்துக்குப் போகும் முன்பே, எதிர்பார்த்திருக்கும் நேரத்திலேயே டோப்பமின் என்ற மூளை இரசாயனம் சுரப்பதைக் கண்டார்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் 8 பேர், ஏற்கனவே இசை கேட்டுப் புல்லரிப்பவர்கள், தாங்களே தேர்ந்த இசையைக் கேட்டவர்கள். ஆகவே எதிர்பார்க்க வைத்தால் புல்லரிக்கும் என்று சூத்திரம் போட்டுவிட முடியாது. உங்கள் 1:12 வேலை செய்ததற்கு நான் சொல்லும் விளக்கமும் என் ஊகம்தான். விளக்கம் பிழைத்தாலும் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

கத்தாரில் இருந்து எழுதிய அண்ணன், பெரியம்மா வீட்டு ஞாபகம் வந்து அழுததாகச் சொல்லியிருக்கிறார். அது மனதுக்கு நிறைவுதான். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து ரீமிக்ஸைத் திருத்த முடியாது. அவரை அழவைத்ததில் பாதி உங்கள் கையில் இல்லாதது. யூடியூப் ஸ்டூடியோவில் கேட்டவர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்ற கோடு வருமே, உங்களுடையதில் 45ஆம் நொடியில் அது சரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருநூறு பேர் கேட்ட கோட்டை மிஞ்சி நம்ப வேண்டாம். இருந்தாலும் எனக்கும் அங்கேதான் களைத்தது. கேம் இசை முடிவில்லாமல் சுற்றுவதற்காகவே எழுதியது. விளையாடுபவனின் கை வேலையாக இருக்கும்வரை எத்தனை சுற்றும் தாங்கும், சும்மா உட்கார்ந்து கேட்பவருக்கு மூன்றாவது சுற்று கனக்கும். உங்கள் 45ஆம் நொடியில் மூன்றாவது சுற்று தொடங்குகிறது. ஒரு சுற்றை வெட்டிப் பாருங்கள்.

இப்போது தப்பு. "இதுல போய் தப்ப சேத்து நம்மளக் கேவலப்படுத்தாத" என்று ஒருவர் எழுதியதுதான் உங்களை அதிகம் வதைக்கிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கும் வலித்தது. விடியக்காலை பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்பியது தப்பு. மாசியில் காமன் கூத்தில் ரதியையும் மன்மதனையும் ஆடவைப்பது தப்பு. சாமி இறங்குவதும் தப்புக்குத்தான், மண்ணுக்குப் போகும்போது கூட வருவதும் அதுதான். அதைக் கேவலம் என்று நினைக்க நம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தது சாதி. அந்த எண்ணத்துக்குப் பயந்து தப்பை எடுக்காதீர்கள், தயவுசெய்து.

ஆனால் அதே கருத்துக்குள் வேறொரு விசயமும் இருக்கலாம், அதை ஒதுக்கிவிடக் கூடாது. தப்பில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு அடி. சாமிக்கு அடிப்பது வேறு, கூத்துக்கு வேறு, சாவு வீட்டுக்கு வேறு. உங்கள் பதிவில் இரண்டாம் நிமிடத்தில் வரும் அடியைக் கேட்டதும் என் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "யாருடா தவறுனது" என்று கேட்டார். இளம் பிள்ளைகளுக்கும் கொழும்புக்காரருக்கும் அது நல்ல தாளம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது சாவு வீட்டுச் செய்தி. ஓட்டோ அண்ணனின் கட்டைவிரலும் அம்மாவின் காதும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. உங்களைக் கண்டித்தவர் சாதி வெட்கத்தால் சொன்னாரா, இல்லை பாய்ந்து விளையாடும் மெட்டின் கீழே சாவு அடி கேட்டு மனம் பதறிச் சொன்னாரா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அடித்துக் கொடுத்த பெரியவரிடம் போய், இது எந்த அடி என்று கேளுங்கள். இந்த மாதிரிப் பாட்டுக்கு எதை அடிக்கலாம் என்றும் அவரையே கேளுங்கள். அவர் பெயரை விளக்கக் குறிப்பில் போட்டுவிட்டுத்தான் அடுத்த பதிப்பை ஏற்றுங்கள், முதல் பதிவில் அது இல்லை.

கேம் சத்தமெல்லாம் ஒரு பாட்டா என்ற மாமாவுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இதே மாரியோ மெட்டை 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது, கேம் இசை அதில் இடம்பிடித்தது அதுவே முதல் தடவை. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சட்ட விசயம்: மெட்டு உங்களுடையதல்ல. ஒரு படைப்பை மாற்றி அமைக்கும் உரிமையை இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உரிமையாளரிடம்தான் கொடுத்திருக்கிறது. காசு வாங்கவில்லை என்பதாலேயே அனுமதி கிடைத்துவிடாது. விற்க வேண்டாம், விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டாம், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சட்டத்தரணியைத்தான் கேட்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, இரண்டு பதிப்பு செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இப்போது இருப்பது அப்படியே இருக்கட்டும், அது உங்கள் வயதுக்காரர்களுடையது. இன்னொன்று நகல் மெஷின் வேகத்தில், மூலத்தைவிட வேகம் ஆறில் ஒன்று குறைத்து. அந்த மெதுவான வேகத்தில் தப்பு இன்னும் நன்றாக உட்காரும் என்று நினைக்கிறேன், இரண்டு குச்சிக்கும் இடையில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தப்பைத் திரும்பப் பதிவதென்றால் பனி இறங்கிய பின்னேரத்தில் பதியாதீர்கள், முதல் பதிவில் தோல் தொய்ந்த சத்தம் கேட்கிறது. பகலில் வையுங்கள். பெரியவர் தோலை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, சரி என்று தலையசைத்த உடனேயே ரெக்கோர்டிங்கைப் போட்டுவிடுங்கள். நம்மூர்க் குளிரில் அந்தச் சுருதி சீக்கிரம் இறங்கிவிடும், ஆகவே தணல் பக்கத்திலேயே இருக்கட்டும். போனை நேரே தப்புக்கு முன்னால் பிடிக்காமல் ஆறு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு துணி மடிப்பின் மேல் வையுங்கள். பதிந்ததும் எனக்கு அனுப்புங்கள், அம்மாவுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.